குமரி மாவட்டத்தில் உயிரிவாயுத் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோவாளைப் பூச்சந்தை முதல் தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகம் வரை, கன்னியாகுமரி மாவட்டத்தில் அழுகும் கழிவு சேராத இடம் இல்லை. வீட்டுக் கொல்லையிலும் விடுதி வளாகத்திலும் கழிவிலிருந்து உயிரிவாயு எடுக்கும் கலன்கள் அங்கங்கே இருக்கின்றன. ஆனால் விவசாயி, வணிகர், உள்ளாட்சி, கலன் கட்டுபவர், உரம் வாங்குபவர் ஆகிய எல்லோரையும் இணைத்து ஊருக்கு ஊர் நடக்கும் தொழிலாக அது வளர இன்னும் நிறையச் செய்ய வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி விவசாயிகளும் மகளிர் குழுவினரும் உள்ளாட்சி உறுப்பினர்களும் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

உயிரிவாயு என்பது சாண எரிவாயுதானா?

ஆம். காற்றுப் புகாத கலனுக்குள் நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது உண்டாகும் வாயுக் கலவைதான் இரண்டும். இதில் 50 முதல் 65 சதவீதம் வரை மீத்தேன் இருக்கும். மீதியில் பெரும்பங்கு கரியமில வாயு. சிறிதளவு நீராவியும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. அடுப்பில் எரிந்து வெப்பம் தருவது மீத்தேன்தான். மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளே கலனுக்குள்ளும் வேலை செய்வதால், காய்கறிக் கழிவில் ஓடப்போகும் கலனுக்கும் தொடக்கத்தில் சாணம் கரைத்து ஊற்றுகிறோம். சாணம் இட்டால் சாண எரிவாயு என்றும், எல்லாக் கழிவுக்கும் பொதுவாக உயிரிவாயு என்றும் சொல்வது வழக்கம்.

இந்தத் தொழிலுக்கு நம் மாவட்டம் ஏற்றதா?

தட்பவெப்பத்தைப் பார்த்தால் மிகவும் ஏற்றது. கலனுக்குள் 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருந்தால் நுண்ணுயிரிகள் நன்றாக வேலை செய்யும். குளிர்நாடுகளில் கலனைச் சூடாக்குவதற்கே கிடைத்த வாயுவின் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. இங்கே ஆண்டு முழுவதும் அந்தச் செலவு ஏறக்குறைய இல்லை. குளிர் மிகுந்த மலை மாநிலங்களில் கழிவு கலனுக்குள் 55 நாள் தங்கும்படி வடிவமைக்கப்படும் சாணக் கலன்கள், தென்கோடியில் 30 முதல் 40 நாள் கணக்கிலேயே கட்டப்படுகின்றன. நாட்கள் குறையும்போது கலனின் கொள்ளளவும் கட்டுமானச் செலவும் குறைகின்றன.

மக்கள் நெருக்கமும் ஒரு வகையில் சாதகமானது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் சுமார் 18.7 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். பேரூராட்சிகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால் கழிவைச் சேகரிக்க வெகுதூரம் ஓட வேண்டியதில்லை.

பாதகம் ஒன்றும் உண்டு. நம் நிலங்கள் சிறியவை. மாடு வளர்ப்பவர்களும் ஒன்றிரண்டு மாடுகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சாணத்தை மட்டும் நம்பிப் பெரிய ஆலை கட்டும் வாய்ப்பு இங்கே இல்லை. பல வகைக் கழிவைக் கலந்து ஓட்டும் முறையே நமக்குப் பொருந்தும்.

எந்தெந்தக் கழிவுகளைப் பயன்படுத்தலாம்?

முதலிடம் சந்தைக் கழிவுக்கு. நாகர்கோவில் வடசேரி, மார்த்தாண்டம், தக்கலை போன்ற சந்தைகளில் காலை வியாபாரம் முடியும் வேளையில் அழுகிய தக்காளி, முட்டைகோசின் வெளி இலை, கீரைத்தண்டு, பழுத்து வெடித்த வாழைப்பழம் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். கழிவைத் தேடி அலைய வேண்டாம் என்பதே இதன் பெரிய நன்மை. ஓட்டல், விடுதி, கல்யாண மண்டபம், மருத்துவமனை, கல்லூரி விடுதி ஆகியவற்றின் சமைத்த உணவுக் கழிவு இன்னும் வளமானது. எடைக்கு எடை பார்த்தால் சாணத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு வாயு தரக்கூடியது. கன்னியாகுமரி நகரின் தங்கும் விடுதிகளிலிருந்து மட்டுமே ஒரு நல்ல கலனுக்குத் தீனி கிடைக்கும்.

வாழை நம் மாவட்டத்தின் அடையாளம். மட்டி, ஏத்தன், செவ்வாழை, பாளையங்கோட்டான் என்று எதைப் பயிரிட்டாலும், குலை வெட்டிய பிறகு மரம் அங்கேயே சாய்ந்து கிடக்கிறது. வாழைத்தண்டில் 90 சதவீதத்துக்கு மேல் நீர் இருப்பதாலும், மீதியில் நார் மிகுதி என்பதாலும், வெட்டுக்கருவியில் பொடியாக நறுக்காமல் கலனில் இடுவதில் பயனில்லை. அதைச் சுமந்து செல்வதும் நீரைச் சுமந்து செல்வதுதான். ஆகவே தோட்டத்தை ஒட்டியே கலன் இருந்தால் மட்டும் வாழைத்தண்டைக் கணக்கில் சேர்க்கலாம்.

மரச்சீனிக் கிழங்கின் தோலிலும் சிப்ஸ் போடும் இடங்களின் கழிவிலும் மாவுச்சத்து மிகுதி. தோலில் சயனைடு தரும் பொருள் இருப்பதால் முதல் நாளே நிறையக் கொட்டாமல், சில வாரங்களில் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும், நுண்ணுயிரிகள் பழகிக்கொள்ளும். ரப்பர்த் தோட்டங்களில் ஊடுபயிராக வளரும் அன்னாசியின் கழிவு புளிப்பானது. சாணத்தோடு கலந்து இட்டால் தொல்லை இல்லை. சக்கைப் பருவத்தில் மலையோர ஊர்களில் வீணாகும் பலாவின் மடலும் சடையும் நல்ல தீனி.

குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் துறைமுகங்களின் மீன் கழிவைப் பற்றி எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். புரதமும் கொழுப்பும் மிகுந்த அது நிறைய வாயு தரும். ஆனால் புரதம் சிதையும்போது அம்மோனியா பெருகி நுண்ணுயிரிகளையே முடக்கிவிடும். ஹைட்ரஜன் சல்பைடும் கூடும். கரிமமும் தழைச்சத்தும் 20 முதல் 30 பங்குக்கு ஒரு பங்கு என்ற விகிதத்தில் இருப்பதே கலனுக்கு உகந்தது. எனவே மீன் கழிவைத் தனியாக இடாமல், மாவுச்சத்து மிகுந்த கழிவோடு சிறு பங்காகச் சேர்க்க வேண்டும். கடல்நீரில் கழுவிய மீன் கழிவில் உப்பும் சேர்ந்து வரும். அந்த உப்பு கலனுக்குள் சிதைந்து மறையாது. கலனிலிருந்து வெளிவரும் கழிவுக்குழம்பு வழியாக வாழையின் வேருக்கே போய்ச் சேரும். நல்ல தண்ணீரில் அலசிய பிறகே மீன் கழிவைச் சேர்க்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கலனில் எவற்றைப் போடக்கூடாது?

தேங்காய்த் தொண்டு, சிரட்டை, தென்னோலை, ரப்பர்க் கட்டை, மரத்தூள் ஆகியவற்றைப் போடக்கூடாது. இவற்றில் உள்ள லிக்னின் என்னும் கடினமான மரப்பொருளைக் காற்றில்லாச் சூழலில் நுண்ணுயிரிகளால் சிதைக்க முடியாது. நம் மாவட்டத்தில் குவிந்து கிடக்கும் தென்னைநார்க் கழிவு எரிவாயுவுக்கு உதவாது என்பதைப் பலர் அறியாமல் திட்ட அறிக்கைகளில் சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு வேறு நல்ல பயன் உண்டு. கழிவுக்குழம்பு பற்றிய விடையில் அதைக் காணலாம்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் எண்ணெய் நுண்ணுயிரிகளுக்கு ஆகாது. முட்டை ஓடு, எலும்பு, மீன் செதிள், கோழி இறகு ஆகியவை அடியில் படிந்து இடத்தை அடைக்கும். பினாயில், பிளீச்சிங் தூள் கலந்த கழுவுநீர் ஒரு வாளி போனாலும் வாரக்கணக்கில் வாயு குறையும். பந்தியில் சாப்பிட்ட வாழையிலையை முழுசாகப் போட்டால் மேலே மிதந்து பாய்போல இறுகி, வாயு மேலெழும்ப வழிவிடாது. நறுக்கிப் போட்டால் அதுவும் தீனியே.

ஒரு டன் கழிவிலிருந்து எவ்வளவு கிடைக்கும்?

பிளாஸ்டிக்கும் மண்ணும் கலக்காத ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து 80 முதல் 100 கன மீட்டர் வரை உயிரிவாயு எதிர்பார்க்கலாம். ஒரு கன மீட்டர் உயிரிவாயு ஏறக்குறைய 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். ஆக, நாள்தோறும் ஒரு டன் இட்டால், வீடுகளுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் இரண்டரையிலிருந்து மூன்று வரை தினமும் மிச்சமாகும். சாணத்தில் ஒரு கிலோவுக்குச் சுமார் 0.04 கன மீட்டர்தான். 2 கன மீட்டர் கலனுக்கு 50 கிலோ சாணம், அதாவது நான்கைந்து மாடுகள் வேண்டும். காய்கறிக் கழிவு இவை இரண்டுக்கும் இடைப்பட்டது.

இதே வாயுவை ஜெனரேட்டரில் ஓட்டினால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.8 முதல் 2 யூனிட் வரை மின்சாரம் கிடைக்கும். ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாக வீணாகும். அந்த வெப்பத்துக்கு வேலை இல்லாத இடத்தில் மின்சாரம் எடுப்பதைவிட, வாயுவாகவே அடுப்பில் எரிப்பது நல்லது. சந்தைக்கு அருகே ஒரு கேன்டீனோ, மருத்துவமனைச் சமையலறையோ, அன்னதானக் கூடமோ இருக்குமானால், குழாய் வழியாக அங்கே வாயுவைக் கொடுப்பதுதான் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பயன் தரும் வழி.

அழுத்தப்பட்ட உயிரிவாயு ஆலை ஒன்றைப் பெரிதாகக் கட்டிவிட்டால் போதாதா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருவதற்குக் காரணம், 2018 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சதத் திட்டம். கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் கந்தக வாயுவையும் நீக்கி, மீத்தேன் 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கும்படி சுத்திகரித்து அழுத்தி, வாகன எரிபொருளாக எண்ணெய் நிறுவனங்களுக்கு விற்பது இதன் வழி. நாமக்கல்லில் கோழிப் பண்ணைக் கழிவையும் சர்க்கரை ஆலைக் கழிவையும் கொண்டு இத்தகைய ஆலை இயங்குகிறது. அங்கே கோழிப் பண்ணைகள் நெருங்கி இருப்பதால் அதே வகைக் கழிவு, ஒரே தரத்தில், நாள் தவறாமல் கிடைக்கிறது.

இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை நாள்தோறும் 550 டன் ஈரக் கழிவிலிருந்து சுமார் 17 டன் அழுத்தப்பட்ட வாயு தரும் திறன் கொண்டது. அந்த விகிதத்தில் கணக்கிட்டால், நாளொன்றுக்கு 5 டன் வாயு தரும் நடுத்தர ஆலைக்கே 160 டன் ஈரக் கழிவு வேண்டும். குமரி மாவட்டத்தில் அத்தனையையும் பிரித்த நிலையில், ஒரே இடத்துக்கு, மழையிலும் கொண்டுவந்து சேர்ப்பது எளிதன்று. நாகர்கோவில்–களியக்காவிளைச் சாலையின் நெரிசலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரக் கழிவில் முக்கால் பங்கு நீர். அதை 40 கிலோமீட்டர் லாரியில் ஏற்றிச் செல்லும் டீசல் செலவு, கிடைக்கும் வாயுவின் வருமானத்தை அரித்துவிடும்.

இந்தூர் வெற்றிபெற்றதற்கு அடிப்படை ஆலைக்கு வெளியே இருக்கிறது. ஆலை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்நகரம் வீட்டு வாசலில் கழிவைப் பிரித்து வாங்கப் பழகியிருந்தது. பிரிக்காத கழிவைக் கொட்டினால் எத்தனை விலையுயர்ந்த இயந்திரமும் பிளாஸ்டிக் உறையும் மணலும் அடைத்து நின்றுபோகும்.

எனவே இப்போதைக்குப் பெரிய ஆலை ஒன்றுக்காகக் காத்திருப்பதைவிட, நாளொன்றுக்கு அரை டன் முதல் 5 டன் வரை கையாளும் நடுத்தரக் கலன்களை, கழிவு இயல்பாகவே சேரும் இடங்களில் அமைப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. அவை நன்றாக நடந்து, கழிவைப் பிரிக்கும் பழக்கமும் கழிவுக்குழம்புக்குச் சந்தையும் உருவான பிறகு, நாகர்கோவிலை ஒட்டி ஒரு பெரிய ஆலையைப் பற்றி யோசிக்கலாம்.

ரப்பர் ஷீட் அடிக்கும் இடங்களில் வெளியேறும் தண்ணீரிலிருந்து வாயு எடுக்க முடியும் என்பது உண்மையா?

உண்மை, குமரிக்கு உள்ள தனி வாய்ப்பு இது. குலசேகரம், திருவட்டார், பேச்சிப்பாறை, அருமனை வட்டாரங்களில் காலையில் பால்வெட்டு முடிந்ததும், பாலில் நீர் சேர்த்து ரப்பர் அளவை 12.5 சதவீத அளவுக்குக் கொண்டுவந்து, தட்டுகளில் ஊற்றி, பார்மிக் அமிலம் கலந்து உறைய வைக்கிறார்கள். உறைந்த கட்டியை ரோலரில் கொடுத்துப் பிழியும்போது, ஒரு கிலோ ஷீட்டுக்கு ஏறக்குறைய 7 லிட்டர் வெண்மை கலங்கிய புளித்த நீர் வெளியேறுகிறது. சர்க்கரையும் புரதமும் கரைந்த நீர் அது. பெரும்பாலும் வாய்க்காலிலோ தோட்டத்துக் குழியிலோ விடப்படுகிறது. மறுநாள் அந்த இடத்தைக் கடக்கும் எவருக்கும் அதன் நாற்றம் தெரியும். கிணற்றுக்கருகே விட்டால் குடிநீரும் கெடும்.

கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம், இந்த நீரைக் காற்றில்லாக் கலனில் செலுத்தி வாயு எடுக்கும் முறையைச் சிறு விவசாயிகளுக்காக உருவாக்கிப் பரப்பியது. தொடக்கத்தில் சாணக் கரைசலால் கலனைத் தயார் செய்துவிட்டால், பிறகு ஷீட் நீரையே தினமும் விடலாம். கிடைக்கும் வாயு வீட்டு அடுப்புக்குப் பயன்படும். மழைக்காலத்தில் ஷீட் உலர்த்தவும் கைகொடுக்கும். வெளியேறும் நீரின் மாசும் வெகுவாகக் குறையும்.

மூன்று செய்திகளை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பார்மிக் அமிலத்துக்குப் பதிலாக விலை குறைவென்று கந்தக அமிலம் ஊற்றினால், அதிலுள்ள சல்பேட் கலனுக்குள் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி, வாயுவையும் அடுப்பையும் கெடுக்கும். அமிலத்தை அளவுக்கு மீறி ஊற்றினாலும் கலன் புளித்துவிடும். கலனுக்குள் அமில-காரக் குறியீடு 6.8 முதல் 7.4 வரை இருக்க வேண்டும். மூன்றாவதாக, அடைமழை நாட்களிலும் இலை உதிரும் மாதங்களிலும் பால்வெட்டு நிற்கும்போது கலன் பட்டினி கிடக்காமல் இருக்க, ஒரு மாட்டின் சாணமோ வீட்டுக் கழிவோ கைவசம் வேண்டும். பத்துப் பதினைந்து சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரே இடத்தில் ஷீட் அடிப்பார்களானால், ஒரு நடுத்தரக் கலன் அத்தனை பேருக்கும் போதும்.

கழிவுக்குழம்பை என்ன செய்வது?

ஒரு கலன் நீடித்து நடக்குமா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். கழிவு வாயுவாக மாறிக் காணாமல் போய்விடும் என்று நினைத்துத் திட்டமிடுபவர்கள் உண்டு. உண்மையில் எடையில் மிகச் சிறு பங்கே வாயுவாகிறது. ஒரு டன் கழிவை ஒரு டன் நீரோடு கரைத்து இட்டால், கிட்டத்தட்ட இரண்டு டன் குழம்பு தினமும் மறுபக்கம் வெளியே வரும். அதற்கு இடமும் வாங்குபவரும் இல்லாமல் போனால், ஒரே மாதத்தில் அது சாக்கடையைத் தேடிப் போகும், அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்கள், கலன் மூடப்படும்.

குழம்பை உரமாகப் பார்த்தால் நிலைமை தலைகீழாக மாறும். கழிவிலிருந்த தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஏறக்குறைய முழுதும் குழம்பில் தங்கிவிடுகிறது. அதிலும் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனிய வடிவில் இருப்பதால் பயிர் உடனே எடுத்துக்கொள்ளும். வாழைக்கும் தென்னைக்கும் தண்ணீரோடு கலந்து வாய்க்காலில் விடலாம். வெயிலில் திறந்து வைத்தால் அம்மோனியா காற்றில் போய்விடும் என்பதால், மாலை வேளையில் விட்டு மண்ணால் மூடுவது நல்லது.

தொலைவுக்கு அனுப்ப வேண்டுமானால் நீரைக் குறைக்க வேண்டும். இங்கேதான் தென்னைநார்க் கழிவு கைகொடுக்கிறது. அது தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும். கரிமம் மிகுந்தது, தழைச்சத்து மிகக் குறைந்தது. குழம்பில் இருப்பதோ அதற்கு வேண்டிய தழைச்சத்தும் ஈரமும். இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டுப் புரட்டி மட்கவைத்தால், வழக்கமாகச் சேர்க்கும் யூரியா இல்லாமலே நல்ல மட்குரம் கிடைக்கும். நார் ஆலைகளின் ஓரத்தில் மலையாகக் குவிந்து, மழையில் கரைந்து கிணற்று நீரைப் பழுப்பாக்கும் பொருளும் அதனால் குறையும். ஈத்தாமொழி, இராஜாக்கமங்கலம் பகுதிகளைப்போலத் தென்னை அடர்ந்த கடலோர ஊர்களில் இந்த இணைப்பைத் தொழிலின் மையமாகவே வைக்கலாம். என் பார்வையில், குமரியில் உயிரிவாயு நிலையம் என்பது வாயுவையும் தரும் ஓர் உரத் தொழிற்சாலை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை உண்டு. ஜூனிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வயலுக்குக் குழம்பு விட முடியாது. ஆகவே மட்கவைக்கும் இடத்துக்குக் கூரையும், குறைந்தது ஒரு மாதக் குழம்பைத் தாங்கும் மூடிய தொட்டியும் தொடக்கத்திலேயே கட்டப்பட வேண்டும். செலவைக் குறைப்பதற்காக முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் இந்தக் கூரைதான். அதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

நாற்றம் வருமா?

நன்றாக ஓடும் கலனின் குழம்பில் சாணத்தின் வாடைகூட மங்கலாகத்தான் இருக்கும். நாற்றம் வருவது கழிவு வந்து இறங்கும் இடத்தில். வந்த கழிவை அன்றே அரைத்துக் கலனுக்குள் தள்ளி, தரையைக் கழுவிவிட்டால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை இராது.

திருவிழா, கல்யாண நாட்களில் கழிவு திடீரென்று பெருகினால்?

கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மண்டைக்காடு மாசிக் கொடை, சுசீந்திரம் தேரோட்டம், ஆவணி, தை மாதக் கல்யாணங்கள் என்று நம் ஆண்டே ஏற்ற இறக்கம் உடையது. மீந்துபோன சாதம், சாம்பார், பாயசம் ஆகியவற்றை வந்த அளவுக்குக் கொட்டினால், அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகும். மீத்தேன் தரும் நுண்ணுயிரிகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா. கலன் புளித்து, அடுப்பில் நீலச் சுடர் மங்கி, பற்றவைத்தால் அணைந்துபோகும். விருந்தில் அளவு மீறிய வயிற்றைப்போலவே, ஓரிரு நாள் தீனியை நிறுத்துவதுதான் முதல் மருந்து. பிறகு சாணக் கரைசலும் சிறிது சுண்ணாம்புக் கரைசலும் கொடுத்துத் தேற்றலாம். அந்நாட்களில் மிஞ்சும் கழிவை மட்குரக் குழிக்குத் திருப்பும் ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும்.

பல ஊர்களில் கலன்கள் கட்டிய சில ஆண்டுகளில் நின்றுபோவது ஏன்?

பொதுப்பணத்தில் கட்டும்போது கட்டுமானத்துக்கு நிதி ஒதுக்கி, ஓட்டுவதற்கு ஒதுக்காமல் விடுவதே பெரும்பாலான இடங்களில் காரணம். சென்னை கோயம்பேடு சந்தையில் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவைக் கையாண்டு மின்சாரம் எடுக்க அமைக்கப்பட்ட நிலையமே தொடர்ந்து ஓட முடியாமல் முடங்கியது. சிறு கலன்களில் காரணங்கள் இன்னும் எளியவை. குழாயில் நீர் தேங்கி வாயு வராமல் நிற்கும். வாயு சேரும் மிதவைக் கொப்பரை துருப்பிடித்து ஓட்டை விழும். அரைக்கும் இயந்திரத்தின் கத்தி மழுங்கும். ஓட்டப் பழகியவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஒவ்வொன்றும் சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயில் தீரக்கூடிய பழுது. கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லாததால், கலனையே கைவிட்டுவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு வட்டாரத்தில் தொழில் வளர வேண்டுமென்றால், இருபது முப்பது கலன்களுக்கு ஒரு பழுதுபார்க்கும் குழு வேண்டும். ஐ.டி.ஐ. படித்த இளைஞர்களும் கொத்தனார்களும் இதற்குப் பொருத்தமானவர்கள். கலன் வாங்கும்போதே 5 ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்து வாங்குவதை உள்ளாட்சிகள் கட்டாயமாக்க வேண்டும். நல்ல வேளையாக நமக்கு அனுபவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் (இயற்கைவள மேம்பாட்டுத் திட்டம்) அமைப்பு பல ஆண்டுகளாக இத்துறையில் இயங்கிவருகிறது, சமையலறைக் கழிவில் ஓடும் சக்தி சுரபி என்ற கலன் அவர்கள் உருவாக்கியதே.

வீட்டில் கலன் வைத்துக்கொள்ளலாமா?

இடமும் தினமும் கவனிக்கும் ஆளும் இருந்தால் வைக்கலாம். ஒரு சிறு குடும்பத்தின் சமையலறைக் கழிவு மட்டும் முழுச் சமையலுக்கும் போதாது. ஒரு நேரத் தேநீருக்கும் பால் காய்ச்சவும் உதவும். ஒரு மாடு இருக்கிற வீட்டில் பயன் கூடும். வெளியூரில் மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு இது ஏற்றதன்று.

வருமானம் எதிலிருந்து வரும்?

வாயு, உரம், கழிவைக் கையாள்வதற்கான கட்டணம் ஆகிய மூன்றிலிருந்து. முதல் இரண்டை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். மூன்றாவதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தன் கழிவை அப்புறப்படுத்த விடுதியோ மண்டபமோ இன்றைக்கும் யாருக்கோ பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்குபவர்கள் அதைப் பிரித்துக் கொடுப்பதும், இயன்றவரை தம் வளாகத்திலேயே கையாள்வதும் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வகுத்தன. அந்தப் பொறுப்பைக் கட்டணத்துக்கு ஏற்றுக்கொள்வது நேர்மையான தொழில். கட்டணம் வராமல் வாயு விற்பனையை மட்டும் நம்பும் நடுத்தரக் கலன் தடுமாறும்.

உதவியாக, ஊரகத் தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் கோபர்தன் என்னும் உயிரிவாயுத் திட்டத்துக்காக மாவட்டத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை இடமளிக்கப்பட்டது. கோபர்தன் ஆலைகளின் கரிம உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவியும் 2023-இல் அறிவிக்கப்பட்டது. மானியத்தைக் கட்டுமானத்துக்கு மட்டும் பயன்படுத்தி, அன்றாடச் செலவைச் சொந்த வருமானத்தில் நடத்தும்படி திட்டமிட வேண்டும்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் தீப்பொறியில் வெடிக்கும். ஆகவே கலனும் வாயுப் பையும் காற்றோட்டமான திறந்தவெளியில் இருக்க வேண்டும். குழாயில் தீ கலனை நோக்கிப் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் கருவி வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் தரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நம்பி இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். தூக்கிவிட இறங்கியவர்களும் உடன் மாண்டிருக்கிறார்கள். எக்காரணம் கொண்டும் மனிதர் கலனுக்குள்ளோ குழம்புத் தொட்டிக்குள்ளோ இறங்கக் கூடாது. படிவுகளை வெளியிலிருந்தே பம்பு மூலம் எடுக்கும்படி கலனை வடிவமைக்க வேண்டும். வாயு அடுப்புக்குப் போகும் வழியில் இரும்புத் துருவல் நிரப்பிய வடிகட்டியைப் பொருத்தினால் கந்தக வாயு பெருமளவு நீங்கும்.

வாயுவை அழுத்திச் சிலிண்டரில் அடைப்பதற்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் தேவை. அனுமதி இன்றி டயர் டியூபிலோ பழைய சிலிண்டரிலோ அடைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

வெளிமாநிலத்திலிருந்து கழிவு கொண்டுவந்து ஆலையை ஓட்டலாமா?

கூடாது. இறைச்சிக் கழிவும் மருத்துவக் கழிவும் கலந்த லாரிகள் எல்லை தாண்டி வந்து நம் ஊர்களில் கொட்டுவதைப் பற்றி மக்களுக்கு ஏற்கெனவே நியாயமான கோபம் இருக்கிறது. உயிரிவாயு என்ற பெயரில் அதற்கு ஒரு வாசல் திறக்கப்படுமானால், இந்தத் தொழிலின்மீதே நம்பிக்கை போய்விடும். நாகர்கோவில் வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கின் புகையையும் நாற்றத்தையும் ஆண்டுக்கணக்கில் தாங்கியவர்களிடம், இன்னொரு குப்பைமேடு வராது என்று வாயால் சொன்னால் போதாது. எங்கிருந்து, எந்தக் கழிவு, எத்தனை கிலோ வந்தது என்ற கணக்கை நிலையத்தின் வாசலில் தினமும் எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் தொடங்க விரும்புகிறோம். முதலில் செய்ய வேண்டியது என்ன?

ஒரு தராசு வாங்குங்கள். சந்தை, ஓட்டல்கள், மண்டபங்கள், பால் பண்ணைகள் ஆகியவற்றின் கழிவைக் குறைந்தது இரண்டு வாரம் தினமும் எடைபோட்டு, வகை பிரித்து எழுதுங்கள். ஞாயிறும் முகூர்த்த நாளும் அதற்குள் வர வேண்டும். கணக்கிட்டதில் மிகக் குறைந்த நாளின் எடை எதுவோ, அந்த அளவுக்கே கலனைக் கட்டுங்கள். சராசரியைக் கொண்டு கட்டினால் கலன் அரைப்பட்டினி கிடக்கும். அதே வாரங்களில், குழம்பையும் மட்கிய உரத்தையும் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்ளும் விவசாயிகளிடமும், வாயுவை வாங்கும் சமையலறையிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். பிறகுதான் நிலம், வடிவமைப்பு, மானியம், வங்கி என்று போக வேண்டும். கலன் ஓடத் தொடங்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே, அதைக் கவனிக்கப்போகும் இருவரை நியமித்து, நன்றாக ஓடும் வேறொரு கலனில் வேலை பழக அனுப்பிவிடுங்கள்.